2026-க்கு இலக்குத் தாள் எழுதலாமா, வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம் வரும்வரை காத்திருக்கலாமா? (பெங்களூர்த் தமிழ் விசுவாசிகள் இழை)

கணக்குப்பிள்ளை:
டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குப் போவதற்கு முன்னாலேயே அடுத்த வருஷத்து இலக்குகளை ஒரு தாளில் எழுதி முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. நள்ளிரவில் கண்ணீரோடு எடுக்கிற தீர்மானம், காலையில் கேக் வெட்டும்போதே பாதி கரைந்துவிடும். லூக்கா 14:28-இல் கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான்.

முதலில் நேரக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி. தூக்கம் 49. ஆபீஸ் 45. பெங்களூர் ரோட்டுக்குத் தண்டம் 15. சமையல், குளியல், சாப்பாடு, துணி எல்லாம் 21. ஞாயிறு ஆராதனை, போக வர 5. பிள்ளைகள், ஊருக்குப் போன், கடை, ஆஸ்பத்திரி என்று 20. மிஞ்சுவது 13 மணி. அதில் பாதிக்கு மேல் இலக்குக்குக் கொடுக்காதீர்கள், 6 மணி போதும். மீதியைக் காய்ச்சலும் விருந்தாளியும் தின்றுவிடும்.

அந்த 6 மணிக்குள் மூன்றே இலக்கு. ஒவ்வொன்றுக்கும் என்ன, எப்போது, எங்கே, எவ்வளவு என்று நான்கும் இருக்க வேண்டும். "இன்னும் அதிகமாக ஜெபிப்பேன்" என்பது வெறும் ஏக்கம். "திங்கள் முதல் சனி வரை, காலை 5:40, சாப்பாட்டு மேசை, 20 நிமிஷம், போன் வேறு அறையில்" என்றால்தான் செய்தோமா இல்லையா என்று தெரியும். காணிக்கைக்கு 1 கொரிந்தியர் 16:2 வழி காட்டுகிறது: வரவு வந்தவுடன் தனியே எடுத்துவைப்பது. கையில் 60,000 வந்தால் 6,000 மறுநாளே வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் உத்தரவு போட்டுவிடுங்கள். மாசக் கடைசி மிச்சத்திலிருந்து கொடுப்பவர்கள் தவறுவது இரண்டு மாதங்களில்: பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம், வீடு மாறி அட்வான்ஸ் கொடுக்கும் மாதம்.

தாளின் அடியில் யாக்கோபு 4:15: "ஆண்டவருக்குச் சித்தமானால்". அவ்வளவுதான்.

ஓஆர்ஆர்_பயணி:
அண்ணா, தசமபாகம், அந்தப் பத்தில் ஒரு பங்கு, கைக்கு வரும் சம்பளத்திலா, சிடிசி என்று கம்பெனி காட்டும் மொத்தத்திலா?

இழைக்காவலர்:
அந்தச் சண்டைக்குத் தனி இழை திறந்தே இருக்கிறது. இங்கே வேண்டாம்.

திறப்பில்_நிற்பவள்:
ஸ்தோத்திரம் பிரதர். உங்க தாளில் கர்த்தருக்கு எந்த இடம்? கடைசி வரி. திட்டம் முழுசும் நீங்களே போட்டுட்டு அடியில் "சித்தமானால்" என்று எழுதுவது, பத்திரிகை அடிச்ச பிறகு பெரியவங்ககிட்ட சம்மதம் கேட்கிற மாதிரி இருக்கு.

அப்போஸ்தலர் 16 எடுங்க. பவுல் ஆசியாவில் வசனம் சொல்லப் பார்த்தார், ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பிரயத்தனப்பட்டார், அதுவும் நடக்கலை. துரோவாவில் ராத்திரி தரிசனம் கிடைச்ச பிறகுதான் மக்கெதோனியா. முதலில் கேட்கணும், அப்புறம் எழுதணும்.

கேட்கிறதுக்கும் முறை இருக்கு, சும்மா கண்ணை மூடிக்கிறது இல்லை. தானியேல் 10-இல் மூணு வாரம். அவர் சாப்பாட்டை முழுசா விடலை. ருசியான ஆகாரம், இறைச்சி, திராட்சரசம் இதைத்தான் விட்டார். (சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்காம ஒரு வேளைகூட விடாதீங்க.) ஒரு நோட்டில் மூணு பத்தி: தேதி, வாசிச்ச பகுதி, மனசில் தைச்ச வசனம். வாரக் கடைசியில் திருப்பிப் படிச்சு, திரும்பத் திரும்ப வர்ற பொருளுக்குக் கோடு போடுங்க. பிறகு மூணு சோதனை. வேதத்துக்கு ஒத்திருக்கா? முதிர்ந்த விசுவாசிகள் இரண்டு பேர், தனித்தனியா கேட்டாலும், அதையே சொல்றாங்களா? கொலோசெயர் 3:15 சொல்ற சமாதானம் உள்ளே ஆளுதா? இரண்டாவதில்தான் எல்லாரும் ஏமாறுவாங்க. முடிவை முதல்லயே சொல்லிட்டு "நீங்க என்ன நினைக்கிறீங்க அங்கிள்"னு கேட்டா, எந்த அங்கிள் வேண்டாம்னு சொல்வார்?

வருஷ வாக்குத்தத்தம் வாங்காம எழுதுற இலக்கு விலாசம் இல்லாத தபால்.

அரைகுறை_எபிரெயு:
சிஸ்டர், அந்த அப்போஸ்தலர் 16 உங்கள் பக்கம் சாயவில்லை. பவுல் வீட்டில் காத்திருந்தபோது தடை வரவில்லை, நடந்துகொண்டிருந்தபோது வந்தது. திட்டம் இருந்ததால்தான் தடுக்க ஏதோ ஒன்று இருந்தது. ரோமர் 15:24-இல் ஸ்பானியாவுக்குப் போகும் வழியில் ரோமாபுரிக்கு வருவேன் என்று முன்கூட்டியே எழுதி அனுப்புகிறார். போய்ச் சேர்ந்தபோது கைதி. திட்டம் போட்டது தப்பு என்று எங்கேயும் வருத்தப்படவில்லை.

வாக்குத்தத்த அட்டைக்கு வருகிறேன். வருஷா வருஷம் பாதி வீட்டுச் சுவரில் தொங்குவது எரேமியா 29:11, "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்கிற வசனம். அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வாசித்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகாமலே இறந்திருப்பார்கள். அவர்களுக்குச் சொன்ன உடனடி வேலை 5 முதல் 7 வரை இருக்கிறது: வீடு கட்டு, தோட்டம் போடு, பெண் கொடு, பெண் எடு, நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு. பிழைப்புக்கு வந்து பெங்களூரில் தங்கிவிட்ட நமக்குப் பொருந்துகிற வசனங்கள் அவைதான், அவற்றை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. "தரிசனத்தை எழுதி" என்கிற ஆபகூக் 2:2-ஐ இலக்குக் கூட்டங்களில் மேற்கோள் காட்டுவது இன்னும் மோசம். அங்கே எழுதச் சொன்னது பாபிலோனுக்கு வரப்போகும் தண்டனையை. யாருடைய பதவி உயர்வையும் அல்ல.

கணக்குப்பிள்ளைக்கும் ஒன்று உண்டு. "உன் செய்கைகளைக் கர்த்தருக்கு ஒப்புவி" என்கிற நீதிமொழிகள் 16:3-இல் எபிரெய மூலச் சொல் 'கோல்', உருட்டிவிடு என்று அர்த்தம். முதுகு மூட்டையை அவர் பக்கம் தள்ளிவிடுகிற படம். ஞாயிறுதோறும் தாளை எடுத்து இத்தனை சதவீதம் என்று பார்ப்பவன் மூட்டையை இறக்கவே இல்லை.

இருவரும் நெகேமியாவைப் படிக்கலாம். கிஸ்லேயு மாதத்தில் எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிற செய்தியைக் கேட்கிறார், நிசான் மாதத்தில் ராஜாவிடம் வாய் திறக்கிறார். நடுவில் சுமார் நான்கு மாதம் ஜெபம், உபவாசம். ராஜா கேட்டவுடன் எத்தனை நாள் ஆகும், எந்த அதிகாரிகளுக்குக் கடிதம், மரத்துக்கு யாரிடம் உத்தரவு என்று பதில் தயாராக இருக்கிறது. அப்படியென்றால் அந்த நான்கு மாதமும் முழங்காலோடு பேனாவும் வேலை செய்திருக்கிறது. அலங்கம் முடிந்தது 52 நாளில்.

ஓஆர்ஆர்_பயணி:
எல்லாம் சரி. எனக்கு இது ஓகேஆர் (ஆபீஸ் இலக்குப் பட்டியல்) வாசனை அடிக்குது. திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டணும், ஞாயித்துக்கிழமை கர்த்தர்கிட்டயும் காட்டணுமா? அளவு என்று வந்தாலே அது அப்ரைசல்தான். அப்புறம், அமெரிக்க ஷிஃப்ட் முடிஞ்சு காலை 4 மணிக்கு வீட்டுக்கு வர்றவங்களுக்கு 5:40 மேசை எல்லாம் நடக்காது.

வியாழன்_நவநாள்:
அளவு பார்ப்பது கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை தம்பி. கத்தோலிக்கர்கள் பக்கமிருந்து ஒரு பழைய கருவியைச் சொல்கிறேன். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்கிற புத்தகம் 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு அச்சானது. அதில் ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு செய்யும் ஆத்தும சோதனை ஒன்று உண்டு, படம் போட்டே காட்டியிருப்பார்.

வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு. காலையில் எழும்போது அந்த ஒரு குறையைப் பற்றி எச்சரிக்கை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி மணியாகப் பின்னோக்கிப் பார்த்து, எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி முதல் கோட்டில். இரவு உணவுக்குப் பிறகு இரண்டாவது கோட்டில். நடுவில் விழுந்தால் அந்த இடத்திலேயே கையை நெஞ்சில் வைத்து வருந்துவது. கூட்டத்தில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. இரவில் மதியத்தோடு ஒப்பீடு, மறுநாள் நேற்றோடு, வாரம் முடிந்தால் போன வாரத்தோடு. ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் கடிகாரத்தை விட்டுவிட்டு எழுவதையும் இரண்டு சாப்பாட்டையும் பிடித்துக்கொள்கிறது. சாப்பிடாமல் யாரும் இருப்பதில்லை.

அப்ரைசலுக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே என்றால், அங்கே உன் எண் பக்கத்து இருக்கைக்காரன் எண்ணோடு ஒப்பிடப்படும். இங்கே உன் நேற்றோடு மட்டும். தாள் யாருக்கும் போவதில்லை.

கணக்குப்பிள்ளைக்கு என் மறுப்பு மூன்று என்கிற எண்ணில்தான். ஒன்று போதும். கோபத்தில் பிள்ளைகளிடம் கத்துவது என்று எடுத்தால் அதை மட்டும், குறையும்வரை. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பவர்கள் சுலபமானதைச் செய்துவிட்டு மற்ற இரண்டுக்கும் அதைச் சமாதானமாகக் காட்டுவார்கள்.

கணக்குப்பிள்ளை:
புள்ளிக் கோடு அருமை ஐயா. ஆனால் அது குறையைக் கழிக்கிற கருவி. வேதம் வாசிப்பது, கொடுப்பது, வயதான பெற்றோரைக் கவனிப்பது மாதிரி புதிதாகச் சேர்க்கிறவற்றுக்கு நாள், நேரம், அளவு வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் வைக்கலாம்.

ஓஆர்ஆர் தம்பிக்கு: வாசிப்பு இலக்கு ஏன் தோற்கிறது என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். வேதத்தில் 1189 அதிகாரம். வார நாளில் 3, ஞாயிறு 5 என்றால் வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1196. வருஷம் முழுவதற்கும் கிடைக்கிற சலுகை ஏழே அதிகாரம். மூன்று நாள் காய்ச்சல் வந்தால் திட்டம் போச்சு. ஜனவரி 1 வியாழன். ஆதியாகமத்தில் தொடங்கினால் 23-ஆம் தேதி யாத்திராகமம் 25-க்கு, அதாவது ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, கொளுவி, திரைக்கு வந்துவிடுவீர்கள். 28-ஆம் தேதி லேவியராகமம். பிப்ரவரி 5 வரை பலி, தொழுநோய், தீட்டு. ஆபீஸில் வருஷ முடிவு வேலை நெருக்க ஆரம்பிக்கும் நேரம் அது. பெரும்பாலோர் புத்தகத்தை மூடுவது அந்த இரண்டு வாரத்தில்தான். விசுவாசக் குறைவு என்று அவர்களைத் திட்டுவதற்கு முன் திட்டத்தில் இடைவெளி இல்லை என்று பாருங்கள்.

முதல் முறை முயல்கிறவர்களுக்குப் புதிய ஏற்பாடு மட்டும் போதும். 260 அதிகாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று, 52 வாரம் சரியாக வரும். சனியும் ஞாயிறும் விட்டதைப் பிடிக்க. பயணத்தில் காதில் கேட்பதும் கணக்கில் சேரும். அதிகாரத்துக்கு நாலைந்து நிமிஷம். கேட்டு முடித்ததும் ஒரு வரி எழுதுவதோ சொல்லிப் பார்ப்பதோ இருக்கட்டும், இல்லாவிட்டால் சில்க் போர்டு சிக்னலோடு கலந்துவிடும். விட்ட நாளைச் சேர்த்து வாசிக்காதீர்கள், இன்றைய அதிகாரத்துக்கு வந்துவிடுங்கள். பாக்கி ஏறினால் புத்தகத்தைப் பார்க்கவே பயம் வரும்.

திறப்பில்_நிற்பவள்:
இப்படிச் சலுகை கொடுத்துக் கொடுத்துத்தான் நாம வெதுவெதுப்பாயிட்டோம். இலக்கை பொருத்தனையா, அதாவது கர்த்தருக்கு நேர்ந்துக்கிற வாக்கா, பண்ணுங்க. சபை முன்னாடி எழுந்து நின்னு சொல்லுங்க. அப்போ கைவிட மனசு வராது. மூணு வாரம் பிடிச்சுட்டா பழக்கமாயிடும்.

அரைகுறை_எபிரெயு:
இதற்குத்தான் பயந்தேன். இலக்கும் பொருத்தனையும் ஒன்றாகிவிட்டால் ஆபத்து. பிரசங்கி 5:4, 5 என்ன சொல்கிறது? பண்ணினால் தாமதிக்காமல் செலுத்து. செலுத்த முடியாததைவிட நேராதிருப்பது நலம். பொருத்தனை மீட்பதற்கென்று லேவியராகமம் 27 முழு அதிகாரமே இருக்கிறது. ஆளுக்கு ஆள் சேக்கல் (வெள்ளி) கணக்கு, ஏழையாக இருந்தால் ஆசாரியன் அவன் திராணிக்குத் தக்கபடி மதிப்பைக் குறைக்க வேண்டும் என்கிற விதி வரை. அவ்வளவு கனமான சொல்லை "தினம் பத்து அதிகாரம்" என்பதற்குப் பயன்படுத்தக் கூடாது. டிசம்பர் உணர்ச்சியில் நேர்ந்துகொண்டு பிப்ரவரியில் தவறியவர்களுக்கு என்ன நடக்கும்? தேவனிடம் கடன்பட்டவர்கள் மாதிரி ஒளிகிறார்கள். முதலில் தனி ஜெபம் நிற்கும், பிறகு செல் குரூப் (சின்ன ஜெபக் குழு), பிறகு ஞாயிறு ஆராதனை. இலக்கு தவறினால் திருத்தி எழுதலாம். பொருத்தனையைத் திருத்தி எழுத முடியாது.

மூன்று வாரத்தில் பழக்கம் என்பதும் நிற்காது. லண்டன் பல்கலைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செயல் தானாக வருவதற்கு ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் ஆகியிருக்கிறது, நடு அளவு 66. ஒரு நாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. தானியேல் மூன்று வாரம் துக்கித்தார், பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளவில்லை.

திறப்பில்_நிற்பவள்:
லண்டன் ஆய்வு எனக்கு வேதம் இல்லை பிரதர். ஆனா லேவியராகமம் 27 வேதம்தான், அதை நான் இந்தக் கோணத்தில் பார்க்கலை. பொருத்தனைங்கிற வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேன். முதல் கேள்வியை வாங்கலை: திட்டத்தை மாத்தச் சொல்லி அவர் பேசினா உங்க தாளில் அதுக்கு இடம் எங்கே?

வியாழன்_நவநாள்:
அம்மா கேட்டது சரியான கேள்வி. ஆனால் மாற்றுவதற்கும் ஒரு விதி வேண்டும். இஞ்ஞாசியார் சொல்வது: ஆன்மிக வறட்சியில் இருக்கும்போது, ஆறுதலோடு இருந்த நாளில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. ஜெபம் கசக்கிறது, மனசு கனக்கிறது என்கிற வாரத்தில் "கர்த்தர் வேறு வழி காட்டுகிறார்" என்று தோன்றினால் அது அநேகமாகச் சோர்வின் குரல். ஆகவே மாற்றுகிற நாளை முன்பே குறித்துவையுங்கள். 2026-இல் திருநீற்றுப் புதன் (உங்கள் சபைகளில் சாம்பல் புதன்) பிப்ரவரி 18. ஜனவரி 1-இல் தொடங்கினால் அன்றைக்குச் சரியாக 49-ஆவது நாள், ஏழு வாரம். அதுவரை மாற்றம் இல்லை, அன்று உட்கார்ந்து பார்க்கலாம். மறுபடி ஏப்ரல் 5, ஈஸ்டர்.

ஓஆர்ஆர்_பயணி:
யாரும் சொல்லாத இலக்கு இருக்கே. வீடு, கல்யாணம், ஆன்சைட் விசா, "இந்த வருஷம் பத்து ஆத்துமா" (பத்துப் பேரை விசுவாசத்துக்குக் கொண்டுவரணுமாம்). செல் குரூப்பில் ஜெபக் குறிப்பு கேட்டா முக்கால்வாசி இதுதான் வரும்.

கணக்குப்பிள்ளை:
அவை தாளில் வரக் கூடாது. தாளுக்குப் பின்பக்கம் எழுதுங்கள், "விண்ணப்பம்" என்று தலைப்புப் போட்டு. 1 கொரிந்தியர் 3:6: நட்டது ஒருவன், நீர் பாய்ச்சியது ஒருவன், விளையச்செய்தது தேவன். முன்பக்கம் நடுவதும் நீர் பாய்ச்சுவதும் மட்டும். "விசா கிடைக்கும்" பின்பக்கம். "செவ்வாய், வியாழன் இரவு ஒரு மணி நேரம் தேர்வுக்குப் படிப்பேன்" முன்பக்கம். "பத்து ஆத்துமா" பின்பக்கத்துக்குக்கூடச் சங்கடம், மனிதர்களை எண்ணாக்கிவிடும். "மாதம் ஒரு ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரரைச் சாப்பாட்டுக்கு அழைப்பேன்" என்பது முன்பக்கம்.

ஜெபக் குறிப்பு பற்றி ஒரு வார்த்தை. 40 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் இலக்கைப் போடாதீர்கள். ஜெபக் குறிப்பு என்கிற பெயரில் அது ஹலசூரு தாண்டி திருநெல்வேலிவரை போய்விடும். நெகேமியா 2:12-இல் ஒருவருக்கும் அறிவிக்காமல்தான் ராத்திரி அலங்கத்தைச் சுற்றிப் பார்க்கிறார். ஒரே ஒரு துணை, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி. செய்தாயா, எது தடுத்தது, அடுத்து என்ன என்று மூன்று கேள்வி. புத்திமதி கிடையாது.

அரைகுறை_எபிரெயு:
முன்பக்கம் பின்பக்கம் ஏற்கிறேன். தென்னிந்தியத் திருச்சபையில் புது வருஷத்தில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனை, மெதடிஸ்ட் போதகர் ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்ட் 11-இல் லண்டனில் முதலில் நடத்தியதன் வழி வந்தது. அந்த ஜெபத்தில் என்னைப் பயன்படுத்தும் அல்லது ஒதுக்கிவையும், நிரப்பும் அல்லது வெறுமையாக்கும் என்கிற பொருளில் வரிகள் வரும். அளவு ஒன்றும் கிடையாது. வாயால் அதைச் சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் மூன்று இலக்கோடு நிற்பவர்கள், "ஒதுக்கிவையும்" என்கிற இடத்தில் கொஞ்சம் நிதானித்தால் போதும். நோய், வேலை போவது, தாய்க்குப் பக்கவாதம் இவையெல்லாம் அந்த வார்த்தைக்குள் இருக்கின்றன. அப்படி வந்தால் பிப்ரவரி 18 வரை காத்திருக்க வேண்டாம், தாளைக் கிழித்துவிடலாம்.

திறப்பில்_நிற்பவள்:
அப்போ ஒரு நிபந்தனை. மூணு இலக்கில் இரண்டை இப்போ எழுதுங்க. மூணாவது வரியைக் காலியா விடுங்க, தேதி மட்டும் போட்டு. ஏழு வாரம் அந்த நோட்டு எழுதிட்டு 18-ஆம் தேதி நிரப்புங்க. வியாழன் ஐயாவுக்கும் பாதி கிடைச்ச மாதிரி.

வியாழன்_நவநாள்:
எனக்கு இன்னும் ஒன்று அதிகமாகத்தான் இருக்கிறது அம்மா.

கணக்குப்பிள்ளை:
காலி வரிக்கு நேரம் ஒதுக்காமல் விட்டால் பிப்ரவரிக்குள் அந்த இரண்டு மணியை வேறு ஏதாவது பிடித்துக்கொள்ளும். வாசிப்பு, கேட்டோ படித்தோ, இரண்டு மணிக்குள். ஜெபம் இரண்டு. மீதி இரண்டை உங்கள் நோட்டுக்கே எழுதிவிடுகிறேன் சிஸ்டர், சனி மாலை 6 முதல் 8. அதற்கு ஒத்துக்கொண்டால் மாற்றிய தாளை இங்கே போடுகிறேன்.

திறப்பில்_நிற்பவள்:
சனி மாலை எங்க சபையில் உபவாச ஜெபம் முடிஞ்சு ஐக்கிய விருந்து. வெள்ளிக்கு மாத்துங்க.